உசாத்துணைப் பட்டியலைத் திருத்தச் சொல்லிக் கட்டுரை திரும்பி வந்தால்

கொட்டியாரக் குடாவின் கடற்புல் பற்றிய உங்கள் கட்டுரை ஒரே வரியோடு திரும்பி வந்திருக்கிறது: உசாத்துணைகள், அதாவது நீங்கள் எடுத்தாண்ட மூலங்களின் விபரங்கள், சஞ்சிகையின் வடிவத்தில் இல்லை, சரிசெய்து மறுபடி அனுப்பவும். மொத்தம் 64 உசாத்துணை, எல்லாம் வேர்டில் கையால் தட்டியவை, தவணை இரண்டு கிழமை. கையாலேயே திருத்தி முடிப்பதா, மென்பொருளுக்கு மாறுவதா, எங்கள் தமிழ்ப் பெயர்களை எந்த ஒழுங்கில் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தங்கச்சி, முதலில் பயத்தை விடுங்கள். இது நிராகரிப்பு அல்ல. பெரும்பாலும் பதிப்பாசிரியர் உங்கள் கட்டுரையை இன்னும் திறந்தே பார்த்திருக்க மாட்டார். அலுவலகத்தில் யாரோ ஒருவர் கடைசிப் பக்கங்களைப் பார்த்துவிட்டுத் திருப்பியிருப்பார். 64 உசாத்துணைக்கு இரண்டு கிழமை தாராளம். மென்பொருளுக்கு மாறுங்கள். ஆனால் அது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி மாறாதீர்கள். உள்ளே என்ன போடுகிறீர்களோ அதைத்தான் அது வெளியே தரும்.

திருகோணமலையில் இருந்துகொண்டு பதினைந்து வருடமாகப் பிறர் கட்டுரைகளை அனுப்புவதற்கு முன் படித்துக் கொடுக்கிறேன். நிலாவெளிப் பக்கம் வளாகத்தில் படிக்கிற பிள்ளைகள், சித்த மருத்துவக்காரர், மீன்பிடி சம்பந்தமாக ஆய்வு செய்கிறவர்கள் என்று பலரும் வருவார்கள். எல்லாரும் கேட்பது கமா எங்கே, சாய்வெழுத்து எங்கே என்றுதான். கமா கடைசி வேலை. உசாத்துணை ஒரு விலாசம். வாசிக்கிறவர் அதைப் பிடித்துக்கொண்டு போய் அந்த மூலத்தின் வாசலில் நிற்க வேண்டும். வீட்டு இலக்கமே பிழை என்றால் எவ்வளவு வடிவான கையெழுத்தில் எழுதியும் கடிதம் போய்ச் சேராது. ஆகவே பாதிக்கு மேற்பட்ட நேரத்தைப் பதிவுகளைச் சரிபார்ப்பதில் செலவழியுங்கள். வடிவம் அதன் பின்னால் தானாக வரும்.

கையால் செய்தால் என்ன ஆகும் என்று என் கதையைச் சொல்கிறேன். என் முதல் கட்டுரை எண்முறையில் இருந்தது: வாசகத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் 1, 2, 3, பின்னால் அதே ஒழுங்கில் பட்டியல். 57 உசாத்துணை. மதிப்பீட்டாளர் ஒருவர், முன்னுரையில் இன்னொரு கட்டுரையையும் குறிப்பிடச் சொன்னார். அது மூன்றாவதாக வர வேண்டும். சரி, 3 இனி 4 ஆக வேண்டும், 4 இனி 5 ஆக வேண்டும், அவ்வளவுதானே என்று வேர்டின் தேடி மாற்றும் வசதியை எடுத்தேன். 3ஐ எல்லாம் 4 ஆக்கு என்றேன். பிறகு 4ஐ எல்லாம் 5 ஆக்கு என்றேன். ஏற்கெனவே மாற்றிய 3ஐயும் சேர்த்து அது 5 ஆக்கியது. இப்படியே கடைசி வரை போய், விடியற்காலை இரண்டு மணிக்குப் பார்த்தால், கட்டுரை முழுக்க 1, 2ஐத் தவிர மற்றதெல்லாம் 58. கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி வந்திருந்தால் தப்பியிருப்பேன். அந்த அறிவு அடுத்த நாள் காலையில் வந்தது. பழைய பிரதியும் இல்லை; அதன் மேலேயே சேமித்துவிட்டேன். என்.சி. வீதியில் ஃபோட்டோகொப்பி எடுத்து வைத்திருந்த தாள் பிரதிதான் காப்பாற்றியது. அன்றிலிருந்து நான் எண்களைக் கையால் தொட்டதில்லை.

மேற்கோள் முறைகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் குடும்பம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று ஆசிரியர்-ஆண்டு முறை. வாசகத்தில் பெயரும் ஆண்டும் வரும், பட்டியல் அகரவரிசையில் இருக்கும். இதை ஹார்வர்ட் முறை என்கிறார்கள். ஹார்வர்டில் விலங்கியல் படிப்பித்த எட்வர்ட் மார்க் 1881இல் ஓடில்லாத நத்தை ஒன்றைப் பற்றி எழுதிய கட்டுரையில் இப்படிக் குறிப்பிட்டதிலிருந்து அது தொடங்கியதாகச் சொல்வார்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. முறை இந்தக் குடும்பத்துப் பிள்ளை. மற்றது எண்முறை. மருத்துவச் சஞ்சிகைப் பதிப்பாசிரியர்கள் சிலர் 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி, ஆளுக்கொரு விதமாகக் கேட்டு எழுதுகிறவர்களை அலைக்கழிப்பதை நிறுத்துவோம் என்று பேசினார்கள். அதனால் அதற்கு வான்கூவர் என்று பெயர். நல்ல எண்ணம்தான். அதற்குப் பிறகும் ஆளுக்கொரு விதமாகத்தான் கேட்கிறார்கள்.

சூழலியல், கடலியல் சஞ்சிகைகள் பல ஆசிரியர்-ஆண்டு முறையைத்தான் கேட்கும். உங்கள் சஞ்சிகையும் அப்படித்தான் கேட்கிறது. ஆனால் “ஆசிரியர்-ஆண்டு” என்றவுடன் ஏ.பி.ஏ. என்று முடிவுகட்டாதீர்கள். வாசகத்தில் இரண்டு பெயருக்கு நடுவே “அன்ட்” என்ற சொல்லா, அதன் குறியா? பெயருக்கும் ஆண்டுக்கும் இடையில் கமா உண்டா? ஓர் அடைப்புக்குறிக்குள் மூன்று மேற்கோள் வந்தால் அகரவரிசையா, ஆண்டு வரிசையா? ஏ.பி.ஏ. அகரவரிசை கேட்கும், பல சூழலியல் சஞ்சிகைகள் பழையது முதலில் வர வேண்டும் என்று கேட்கும். எத்தனை ஆசிரியர் வரை எல்லாரையும் எழுதுவது? 2019இல் வந்த ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பில் பட்டியலில் 20 பேர் வரை எழுத வேண்டும்; வாசகத்தில் மூன்று பேர் என்றாலே முதல் தடவையிலிருந்து “எட் அல்.” (மற்றும் பிறர்) போதும். ஆறாம் பதிப்பில் இந்தக் கணக்கு வேறு. உங்கள் மேற்பார்வையாளர் ஆறாம் பதிப்பில் பழகியவராக இருந்தால் இரண்டும் கலந்து வரும். நீங்கள் அனுப்பிய பட்டியலில் அதுதான் நடந்திருக்கிறது. அவரிடம் சொல்வதற்குத் தயங்காதீர்கள், கோபிக்க மாட்டார்.

இதற்கு மருந்து, சஞ்சிகையின் ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்து உசாத்துணைப் பகுதியை அச்செடுப்பது. அப்புறம் அதே சஞ்சிகையில் இந்த வருடம் வந்த ஒரு கட்டுரையை எடுத்துப் பக்கத்தில் வைப்பது. வழிகாட்டியில் சஞ்சிகைக் கட்டுரைக்கும் நூலுக்கும் மட்டும் மாதிரி கொடுத்திருப்பார்கள். அரசாங்க அறிக்கை, ஆய்வேடு, தரவுத்தொகுதி என்று வரும்போது அங்கே பதில் இருக்காது. வெளிவந்த கட்டுரையின் பட்டியலில் இருக்கும். இரண்டும் முரண்பட்டால் வழிகாட்டியைப் பின்பற்றுங்கள், ஏனென்றால் உங்களைத் திருப்பி அனுப்பியவர் கையில் இருப்பது அதுதான்.

இன்னொன்று, அடுத்த கட்டுரைக்கு உதவும்: பெரிய வெளியீட்டாளர்களின் சஞ்சிகைகள் பல இப்போது முதல் தடவை எந்த வடிவத்தில் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்கின்றன, ஒரே மாதிரி இருந்தால் சரி. ஏற்றுக்கொண்ட பிறகுதான் வடிவம் கேட்பார்கள். வழிகாட்டியில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பார்த்தால் மூன்று நாள் மிச்சம்.

இனி மென்பொருள். ஸொட்டெரோவைப் போடுங்கள். உசாத்துணைகளைச் சேமித்து வேண்டிய வடிவத்தில் தருவது அதன் வேலை. 2006இலிருந்து இருக்கிறது, இலவசம், வேர்டோடும் லிப்ரே ஆபிஸோடும் ஒட்டிக்கொள்ளும். மெண்டெலியோ எண்ட்நோட்டோ ஏற்கெனவே பழக்கம் என்றால் அதிலேயே இருங்கள், மாறுவதில் லாபம் இல்லை. லேட்டெக்கில் எழுதுகிறவர்களுக்கு பிப்டெக் இருக்கிறது. உங்களுக்கு அது தேவையில்லை. ஸொட்டெரோவில் 300 எம்.பி. இடம் இலவசமாகத் தருவார்கள். பதிவுகள் அந்தக் கணக்கில் வராது, பி.டி.எஃப். கோப்புகள்தான் வரும். ஆகவே பி.டி.எஃப்.களை உங்கள் கணினியிலேயே வைத்துக்கொண்டு பதிவுகளை மட்டும் இணையத்தில் ஏற்றினால் காசு கட்டத் தேவையில்லை.

64ஐயும் மறுபடி தட்டவும் தேவையில்லை. அனேகமாக நாற்பது, ஐம்பதுக்கு டி.ஓ.ஐ., அதாவது அந்தக் கட்டுரைக்கென்றே உள்ள நிரந்தர அடையாளக் குறி, இருக்கும். 10 என்று தொடங்கி, ஒரு புள்ளி, சில இலக்கம், சாய்கோடு, அப்புறம் ஒரு நீளமான குறி, அதுதான். மந்திரக்கோல் படம் போட்ட பொத்தானை அழுத்தி டி.ஓ.ஐ.யை ஒட்டினால் பதிவு தானாக வந்து விழும். டி.ஓ.ஐ. தெரியாவிட்டால், அந்தக் குறிகளைப் பதிந்து வைத்திருக்கும் கிராஸ்ரெஃப் தளத்தின் தேடல் பெட்டியில் தலைப்பை ஒட்டுங்கள். கூகுள் ஸ்கொலரிலிருந்து இறக்குவதை நான் விரும்புவதில்லை, டி.ஓ.ஐ. இல்லாமலும் சஞ்சிகைப் பெயர் அரைகுறையாகவும் வந்த பதிவுகளை அதிகம் பார்த்தது அங்கேதான்.

வந்து விழுந்த பதிவை அப்படியே நம்ப வேண்டாம். ஒவ்வொன்றையும் திறந்து, மூலக் கட்டுரையின் முதல் பக்கத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் 64க்கு மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. மழை நாள் ஒன்றில் ஒரே இருப்பில் முடியும். ஆசிரியர்கள் எல்லாரும் இருக்கிறார்களா, தொகுதி எண் இருக்கிறதா, பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் மட்டும் வரும் சஞ்சிகைகளில் பக்க எண் கிடையாது, கட்டுரை எண்தான். பக்கம் காணவில்லை என்று தேடி அலையாதீர்கள். ஆண்டும் குழப்பும்: கட்டுரை இணையத்தில் 2021 கார்த்திகையில் வந்திருக்கும், இதழில் 2022இல் சேர்ந்திருக்கும். தொகுதி எண்ணும் பக்கமும் கொடுக்கிறீர்கள் என்றால் அந்த இதழின் ஆண்டையே கொடுங்கள்.

தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் வந்திருந்தால் மாற்றுங்கள். வாக்கியம் போல, முதல் எழுத்தும் இடப்பெயரும் மட்டும் பெரிதாக இருக்கும்படி சேமிப்பதே நல்லது. அதிலிருந்து எல்லாச் சொல்லையும் பெரிய எழுத்தாக்க மென்பொருளுக்குத் தெரியும். திரும்பிப் போக அதற்குத் தெரியாது. திருகோணமலை ஓர் ஊர்ப்பெயர் என்பது அதற்கு எங்கே விளங்கும்?

நான் அதிகம் சிரித்த பிழை நிறுவனப் பெயர்களில்தான். மழைவீழ்ச்சித் தரவுக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் அது டிபார்ட்மெண்ட் ஒஃப் மெட்டியோரொலொஜி. பெயர்ப் பெட்டியில் அதை ஓர் ஆளின் பெயர் போலத் தட்டியதால் மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராக எடுத்து, “மெட்டியோரொலொஜி, டி. ஒஃப்” என்று ஓர் ஆளைப் படைத்துவிட்டது. நல்ல வேளை, சம்பளம் கேட்கவில்லை. புள்ளிவிபரத்துக்கு ஆர் மென்பொருளைப் பாவித்தவர்கள் “ஆர் கோர் டீம்” என்று குறிப்பிட வேண்டும், உலகம் முழுக்க அது “டீம், ஆர். சி.” என்று அச்சாகிக் கிடக்கிறது. பெயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டியை ஒரே பெட்டியாக்கும் சின்னப் பொத்தான் ஒன்று இருக்கிறது. நிறுவனம் என்றால் அதை அழுத்துங்கள்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி, எங்கள் பெயர்கள். இந்த முறைகளைச் செய்தவர்கள் எல்லா மனிதருக்கும் குடும்பப்பெயர் ஒன்று இருக்கும் என்று நினைத்துச் செய்தார்கள். எங்களுக்கு இருப்பது அப்பா பெயரும் நம் பெயரும். உங்கள் பெயர் தர்ஷினி, அப்பா கந்தசாமி என்று வைப்போம். “க. தர்ஷினி” என்று எழுதினால் பட்டியலில் “தர்ஷினி, க.” என்று வரும். அது நீங்கள்தான், சரி. ஆனால் கடவுச்சீட்டிலோ பல்கலைக்கழகப் பதிவிலோ “தர்ஷினி கந்தசாமி” என்று இருந்து அதையே கட்டுரையில் போட்டால், இனிக் காலத்துக்கும் “கந்தசாமி, த.” என்றுதான் உங்களைக் குறிப்பிடுவார்கள். ஆய்வு செய்தது நீங்கள், பெயர் வாங்குவது அப்பா. கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்தால் மூன்றாவது ஆளாகிவிடுவீர்கள். எது சரி என்று நான் சொல்லப் போவதில்லை. ஒன்றைத் தேர்ந்து, முதல் கட்டுரையிலிருந்து கடைசிக் கட்டுரை வரை மாற்றாமல் வைத்திருங்கள். ஆய்வாளருக்கான அடையாள எண்ணான ஓர்கிட் ஒன்றும் எடுத்துவிடுங்கள். 16 இலக்கம், இலவசம், பெயர் எப்படிச் சிதைந்தாலும் அது உங்களையே காட்டும்.

பிறர் பெயர்களில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. அந்தக் கட்டுரையில் அவர் தன்னை எப்படி எழுதியிருக்கிறாரோ அதுதான். ஒரே ஆள் ஒரு கட்டுரையில் அப்பா பெயரை முன்னும் இன்னொன்றில் பின்னும் போட்டிருந்தால், பட்டியலிலும் இரண்டு விதமாகவே வரட்டும். நீங்கள் ஒன்றாக்கப் போனால் வாசிக்கிறவர் தேடும்போது கிடைக்காது. சிங்களப் பெயர்களில் முதலெழுத்து ஐந்தாறு இருக்கும். ஒன்றையும் விடாதீர்கள், ஒரே குடும்பப்பெயருடைய பலரை அதுதான் பிரிக்கிறது. முஸ்லிம் பெயர்களில் முன்னால் வரும் மொஹமட்டைக் குடும்பப்பெயராக்கிவிடாதீர்கள். “டி” என்ற ஒட்டு இருந்தால் அதைப் பெயரோடு சேர்த்தே வையுங்கள். எங்கள் கடலில் வரும் நீலத்திமிங்கிலங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஆஷா டி வோஸைக் குறிப்பிடுவார்கள். அவர் “டி வோஸ், ஆ.” தான், “வோஸ், ஆ. டி” அல்ல. அகரவரிசையில் “டி”யில் வைப்பதா “வோ”வில் வைப்பதா என்பதைச் சஞ்சிகையின் பழக்கம் தீர்மானிக்கும்.

நீலத்திமிங்கிலம் என்றதும் ஞாபகம் வருகிறது. உயிரினப் பெயர்களுக்குப் பின்னால் வரும் ஆளும் ஆண்டும் மேற்கோள் அல்ல. பலீனொப்டெரா மஸ்குலஸ் என்ற பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் “லின்னேயஸ், 1758” என்று வருகிறதே, அது அந்த இனத்துக்கு முதலில் பெயர் வைத்தவரைச் சொல்கிறது. லின்னேயஸ் அதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார், பிறகு மாற்றினார்கள் என்பதைக் காட்டத்தான் அடைப்புக்குறி. பேரினம் மாறாத இனங்களுக்கு அடைப்புக்குறி வராது. அழகுக்காக எல்லாவற்றுக்கும் போடவும் கூடாது, இருப்பதை எடுக்கவும் கூடாது. சில சஞ்சிகைகள் வகைப்பாட்டியல் கட்டுரைகளில் இவற்றையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லும், உங்களுடையது கேட்கவில்லை. நீங்கள் லின்னேயஸைப் பட்டியலில் போட்டிருக்கிறீர்கள், எடுத்துவிடுங்கள். கடற்புல்லுக்கு வேறு சிக்கல். அது தாவரம், தாவரப் பெயரில் ஆசிரியரைச் சுருக்கி எழுதுவார்கள், ஆண்டு போடுவதில்லை. மீனுக்குப் போட்ட மாதிரி அதற்கும் ஆண்டு போட்டிருக்கிறீர்கள்.

தலைப்புக்குள் வரும் உயிரினப் பெயர் சாய்வெழுத்தில் இருக்க வேண்டும். டி.ஓ.ஐ. வழியாக வரும் பதிவில் அது பெரும்பாலும் தொலைந்துபோயிருக்கும். வேர்டில் கையால் சாய்த்தால் அடுத்த தடவை பட்டியல் புதுப்பிக்கும்போது நிமிர்ந்துவிடும். ஸொட்டெரோவின் தலைப்புப் பெட்டியிலேயே, இணையப்பக்கம் எழுதுகிறவர்கள் போடும் சாய்வுக் குறியைப் பெயருக்கு முன்னும் பின்னும் போடுங்கள்.

பழைய மூலங்களுக்கு வருவோம். என்னைக் கேட்டால் உங்கள் பட்டியலில் மிகப் பெறுமதியானது கடல் உயிரியலாளர் ஹோர்னெலின் 1906ஆம் ஆண்டு அறிக்கைதான். தம்பலகாமம் குடாவின் முத்துச்சிப்பிக் குளிப்பைப் பற்றியது. அதை யாரும் தேடிப் பிடிக்க முடியாதபடி எழுதியிருக்கிறீர்கள். அது தனிப் புத்தகம் அல்ல. பல பாகமாக வெளிவந்த பெரிய அறிக்கைத் தொகுதி ஒன்றுக்குள் ஒரு கட்டுரை. ஆகவே பதிவு வகையை “நூல்” என்று போடாமல் “நூலின் பகுதி” என்று போட்டு, கட்டுரைக்கு ஹோர்னெல், தொகுதிக்கு அதன் தொகுப்பாளர், பாக எண், பக்கம் எல்லாம் கொடுங்கள். ஆண்டு, தொகுதி முழுவதும் வந்த ஆண்டுகள் அல்ல, அந்தப் பாகம் வந்த 1906. ஏ.பி.ஏ. என்றால் ஹோர்னெலின் பெயருக்கு அடுத்து ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, தொகுப்பாளரின் முதலெழுத்து முன்னால், கடைசியில் வெளியீட்டாளர். ஏழாம் பதிப்பில் வெளியீட்டாளரின் ஊர் போடத் தேவையில்லை. வான்கூவர் என்றால் தொகுப்பாளரின் முதலெழுத்து பின்னால் போகும், ஊர் திரும்பி வரும், ஆண்டு வெளியீட்டாளருக்குப் பின்னால் போகும். தகவல் ஒன்றுதான், இருக்கைதான் மாறுகிறது. பெட்டிகளைச் சரியாக நிரப்பியிருந்தால் இந்த இடமாற்றம் ஒரு சொடுக்கு.

ஊர்ப்பெயரையும் திருத்தக் கூடாது. தம்பலகாமத்தை ஆங்கிலத்தில் நூறு வருடமாகப் பத்து விதமாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் வாசகத்தில் இன்றைய எழுத்தில் எழுதுங்கள், தலைப்பில் ஹோர்னெல் எழுதிய படியே விடுங்கள். நாட்டின் பெயர் 1972இல் மாறியது என்பதற்காகப் பழைய தலைப்புகளில் சிலோனை ஸ்ரீலங்கா ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பேராதனையிலிருந்து வரும் சிலோன் ஜேர்னல் ஒஃப் சயன்ஸ் இன்றைக்கும் அந்தப் பெயரில்தான் வருகிறது, அதைப் போய் நாங்கள் மாற்ற முடியாது.

சஞ்சிகைப் பெயரைச் சுருக்கச் சொன்னால் நீங்களாகச் சுருக்காதீர்கள். ஐ.எஸ்.ஓ. 4 என்று ஒரு நியமம் இருக்கிறது, சொல்லுக்குச் சொல் சுருக்கப் பட்டியலோடு. மரைன் பொல்யூஷன் புலெட்டின் “மார். பொலுட். புல்.” ஆகும். ஒற்றைச் சொல் பெயர்கள், நேச்சர், சயன்ஸ் போன்றவை, சுருங்காது. மருத்துவச் சஞ்சிகைகள் அந்தப் புள்ளிகளை விட்டுவிடும். பட்டியலில் பாதி சுருங்கி, பாதி விரிந்து இருப்பதுதான் திருப்பி அனுப்புகிறவர் கண்ணில் முதலில் படுவது.

கிண்ணியாவில் மீனவர் சொன்னதை “தனிப்பட்ட தொடர்பு” என்று பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். இரண்டு பிழை. தனிப்பட்ட தொடர்பு பட்டியலில் வராது, வாசகத்தில் மட்டும்தான். அதைவிட முக்கியம், நீங்கள் வினாக்கொத்து வைத்துக் கேட்ட ஆட்கள் உங்கள் தரவு. அவர்கள் ஆய்வு முறைப் பகுதிக்கு உரியவர்கள், பெயர் வெளியே வரவும் கூடாது. திணைக்கள அதிகாரி ஒருவர் தொலைபேசியில் சொன்ன ஒரு தகவல் என்றால் அது தனிப்பட்ட தொடர்பு. அதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தமிழ்ப் பத்திரிகைச் செய்தி இரண்டு வைத்திருக்கிறீர்கள், வைத்திருங்கள். ஆங்கிலச் சஞ்சிகைக்குத் தலைப்பை ஒலிபெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ஆங்கிலப் பொருளைக் கொடுத்து, தமிழில் உள்ளது என்று குறிப்பிடுங்கள். ஒலிபெயர்ப்பை ஒரே முறையில் செய்யுங்கள். ஒரு வரியில் “ழ”வுக்கு ஓர் எழுத்து, அடுத்த வரியில் வேறெழுத்து என்று இருக்கக் கூடாது. இணைய முகவரி மட்டும் கொடுத்தால் போதாது, செய்தித் தளங்கள் அடிக்கடி முகவரி மாற்றும். பார்த்த திகதியைப் போட்டு, இணையக் காப்பகம் ஒன்றில் ஒரு பிரதியையும் சேமித்துவிடுங்கள்.

நீங்கள் வாசிக்காததை மேற்கோள் காட்டாதீர்கள். இது உபதேசம் இல்லை, அனுபவம். ஒரு பெரிய வெளியீட்டு நிறுவனத்தின் மாதிரிப் படிவத்தில், உசாத்துணை எப்படி எழுதுவது என்று காட்டுவதற்காக வான் டெர் கீர் என்ற பெயரில் 2000ஆம் ஆண்டு வந்ததாக ஒரு கட்டுரையை உதாரணத்துக்குப் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு கட்டுரையே கிடையாது, அப்படி ஒரு சஞ்சிகையும் கிடையாது. படிவத்தை நிரப்பியவர்கள் அதை அழிக்க மறந்ததால் நானூறுக்குக் கிட்டிய வெளியீடுகளில் அது உண்மையான உசாத்துணையாகவே அச்சாகிவிட்டது. இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கும் பட்டியலிலும் இதே வியாதி: உண்மையான ஆசிரியர், உண்மையான சஞ்சிகை, இல்லாத கட்டுரை. உங்கள் 64இல் இரண்டு எனக்கு அப்படித் தெரிகிறது, டி.ஓ.ஐ.யைச் சொடுக்கினால் ஒன்று எங்கேயும் போகவில்லை, மற்றது பூச்சிகளைப் பற்றிய வேறு கட்டுரைக்குப் போகிறது. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அதை நம்பியிருக்கும் வாக்கியத்தையும் சேர்த்து.

மூலம் கிடைக்கவே இல்லை, வேறொருவர் எடுத்துச் சொன்னதுதான் கையில் இருக்கிறது என்றால், அப்படியே சொல்லுங்கள்: இன்னார் சொன்னதாக இன்னார் எழுதியது என்று. பட்டியலில் நீங்கள் வாசித்ததுதான் வரும். 64இல் ஒன்றிரண்டு அப்படி இருக்கலாம், பத்து இருந்தால் மதிப்பீட்டாளர் கேட்பார்.

வாசகத்தில் மேற்கோளை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் ஒரு தடவை பாருங்கள். “இழுவை வலையாலும் கழிவுநீராலும் கடற்புல் குறைகிறது” என்று எழுதி, வாக்கியக் கடைசியில் ஆறு மேற்கோளைக் கூட்டமாக நிறுத்தியிருக்கிறீர்கள். வலையைப் பற்றிச் சொன்னது யார், கழிவுநீரைப் பற்றிச் சொன்னது யார்? வலைக்குப் பின்னால் இரண்டு, கழிவுநீருக்குப் பின்னால் இரண்டு, மற்ற இரண்டும் அந்த வாக்கியத்தில் தேவையில்லை.

வாசகத்தில் உள்ள ஒவ்வொன்றும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் வாசகத்தில் வருகிறதா என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆனால் கையால் தட்டிய பழைய அடைப்புக்குறி ஒன்று எங்கேயாவது ஒளிந்திருந்தால் அதற்குத் தெரியாது. அட்டவணைக்கு அடியிலும் படத்தின் விளக்கத்திலும்தான் அவை ஒளிந்திருக்கும். தாளில் அச்செடுத்து மஞ்சள் பேனாவோடு உட்காருங்கள். ஓர் ஆசிரியர் ஒரே ஆண்டில் இரண்டு கட்டுரை எழுதியிருந்தால் 2018அ, 2018ஆ போல ஆங்கில எழுத்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருக்கக் கூடாத இடத்தில் வந்திருந்தால், ஒரே கட்டுரை இரண்டு தடவை பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். ஒன்றில் முழுப்பெயர், மற்றதில் முதலெழுத்து மட்டும் இருக்கும். வாபஸ் பெறப்பட்ட கட்டுரை ஏதும் இருந்தால் ஸொட்டெரோ சிவப்பில் எச்சரிக்கும், அதை மூடிவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியாகக் கோப்பு. மென்பொருள் போட்ட மேற்கோள் ஒவ்வொன்றும் வேர்டுக்குள் உயிருள்ள ஒரு பெட்டி. இணை ஆசிரியர் அதை வேறு செயலியில் திறந்து சேமித்தாலோ, கூகுள் டொக்ஸில் ஒட்டித் திருப்பி எடுத்தாலோ அந்த உயிர் போய்விடும். ஆகவே மேற்பார்வையாளருக்கு அனுப்பும்போது பி.டி.எஃப். அனுப்பி, திருத்தங்களைக் குறித்துத் தரச் சொல்லி, நீங்களே உள்ளே போடுங்கள். எல்லாம் முடிந்ததும் கோப்பைப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் “அன்லிங்க்” பொத்தானை அழுத்தி வெறும் எழுத்தாக்கி, அதைச் சஞ்சிகைக்கு ஏற்றுங்கள். உயிருள்ள கோப்பு உங்களிடமே இருக்கட்டும், மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு தடவை அனுப்பியும் வையுங்கள். மதிப்பீட்டாளர் “மூன்றாவதாக இன்னொன்றைச் சேர்க்கவும்” என்று எழுதும்போது அது தேவைப்படும்.

பதிப்பாசிரியருக்கு நீளமாக எழுத வேண்டாம். உசாத்துணைகளை வழிகாட்டிப்படி மாற்றினோம், சரிபார்க்க முடியாத இரண்டை நீக்கினோம், அதனால் முன்னுரையில் இன்ன வாக்கியம் மாறியிருக்கிறது என்று மூன்று வரி போதும். எதை நீக்கினீர்கள் என்று கட்டாயம் சொல்லுங்கள். 64 என்று போனது 60 என்று திரும்பி வந்தால் அவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். மற்ற இரண்டும் லின்னேயஸும் கிண்ணியாத் தனிப்பட்ட தொடர்பும்.